மகளுக்கு நான் ஊட்டிய அரை முந்திரி

முட்டாள்களையும் ஏலக்காய் மாதிரிச் சல்லடையில போட்டுத் தரம் பிரிச்சா, நான் எட்டு எம்.எம். காய், முதல் தரம். எத்தனை ஆட்டு ஆட்டினாலும் கீழே விழ மாட்டேன், மேலேயே நிப்பேன். போடியில ஏலக்காய்க் கடை வச்சிருக்கிற என்னைத் தெரிஞ்சவங்க, இதை நாங்க எப்பவோ சொன்னோமே என்பாங்க. சொன்னீங்க. நான்தான் கேக்கல.

போன ஐப்பசியில என் மகள் நஸ்ரின், எட்டு வயசுப் பிள்ளை, என் கையால சாகப் பாத்தா. இன்னிக்கு அவ பள்ளிக்கூடம் போறது அல்லாஹ்வோட கருணை. அந்தக் கருணையைச் சகோதர சகோதரிகளுக்குச் சொல்லணும்னுதான் உக்காந்தேன். ஆனா அதைச் சொல்லணும்னா என் லட்சணத்தை முதல்ல சொல்லியாகணும். வேற வழியில்ல.

நஸ்ரினுக்கு நாலு வயசிருக்கும்போது, பெருநாள் சேமியா பாயசத்துல கிடந்த முந்திரியைத் தின்னதும் உதடு பணியாரமா வீங்கிருச்சு. அன்னையிலிருந்து ஆளாளுக்கு ஒரு தடை போட்டாங்க. ஒருத்தர் முட்டை ஆகாதுன்னார். ஒருத்தர் மீன். இன்னொருத்தர் கத்தரிக்காய், பால். கடைசியில அவ தட்டுல மிஞ்சினது சோறும் ரசமும். கல்யாணப் பந்தியில மத்த பிள்ளைக பிரியாணி தின்னும். இவ மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போன டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு, யார் முகத்தையும் பாக்காம சாப்பிடுவா.

அப்பத்தான் தேனியில இருக்கிற ஒரு டாக்டரம்மாகிட்டப் போனோம். குழந்தைகளோட அலர்ஜிக்குன்னே படிச்சவங்க. சிலமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ரொம்ப வருஷம் சாதாரணக் குழந்தை டாக்டரா இருந்தவங்க. அப்ப அவங்களும் அதைக் குடுக்காதே இதைக் குடுக்காதேன்னு சொல்லி அனுப்பினவங்கதானாம். அப்படி அவங்க சொன்னதைக் கேட்டு நடந்த ஒரு பையன், ஒரு நாள் எலும்பும் தோலுமா வந்து நின்னிருக்கான். அவனைப் பாத்த பிறகு, தலையில நரை விழுற வயசுல மறுபடியும் படிக்கப் போயிருக்காங்க. சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில இருந்துட்டு, ஊர்ப்பக்கமே திரும்பி வந்துட்டாங்க.

முதல் நாளே எங்ககிட்டச் சொன்னாங்க: "தட்டுலேருந்து எடுக்கிறது லேசு. திரும்ப வைக்கிறதுதான் என் சோலி."

அவங்க எங்களைப் பாத்துப் பேசவே இல்ல. நஸ்ரினைப் பாத்துத்தான் எல்லாக் கேள்வியும். என்ன சாப்பிட ஆசை, எப்ப அரிக்கும், ராத்திரி இருமல் வருமா. நான் நடுவுல புகுந்து பதில் சொன்னா, கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. ரத்தமும் தோலும் சோதிச்சாங்க. பிறகு ஒரு நாள் காலையில வரச் சொல்லி, ஊசியும் மருந்தும் பக்கத்துல தயாரா வச்சுக்கிட்டு, முட்டையைத் துணுக்குத் துணுக்காக் குடுத்தாங்க. குடுப்பாங்க, காத்திருப்பாங்க, நெஞ்சுல குழாயை வச்சுப் பாப்பாங்க, மறுபடி குடுப்பாங்க. மதியத்துக்குள்ள ஒரு முழு முட்டை உள்ள போயிருச்சு. மறுநாள் எங்க வீட்டுல ஆம்லேட் வாசம். என் மனைவி ரஹ்மத் அடுப்பு முன்னாடி நின்னு அழுதா.

ஆனா முந்திரியை மட்டும் தொடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதை அவ உடம்பு இன்னும் பலமா எதிர்க்குதாம். தப்பித் தவறி உள்ள போயிட்டாப் போடுறதுக்கு ரெண்டு ஊசியில மருந்து ஏத்திக் குடுத்து, தொடையில எப்படிப் போடணும்னு ரஹ்மத்துக்குச் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுல அவ வெறும் ஊசியை வச்சு ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திப் பழகினா. நான் பக்கத்துல நின்னு, ஆரஞ்சுக்கு என்ன காய்ச்சல்னு கேட்டேன். என்னையும் பழகச் சொன்னா. ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வரும்னு தப்பிச்சுட்டேன். ஆரஞ்சுல எங்கயிருக்கு ரத்தம்?

எங்க யாவாரத்துல ஒரு பழக்கம். மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு காயை எடுத்துக் கடிச்சாப் போதும், மூட்டையோட யோக்கியதை தெரிஞ்சிரும். டாக்டரம்மா முட்டையைக் குடுத்த விதத்தைப் பாத்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. அட, இவங்களும் சாம்பிள்தான் பாக்கிறாங்க. இதுக்கா அம்புட்டுப் படிப்பு?

ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மச்சானோட ஏலத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மச்சான்னா ரஹ்மத்தோட அண்ணன். மதியம் நெய்ச்சோறு. சோத்து மேல வறுத்த முந்திரி. ரஹ்மத் கை கழுவப் போயிருந்தா. நான் மச்சான்கிட்ட டாக்டரம்மா மாதிரி பேசிக் காட்டிக்கிட்டிருந்தேன், அவரும் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதை. நஸ்ரினுக்குத் தனியா வாங்கிட்டுப் போயிருந்த மிட்டாயைக் குடுக்கிற மாதிரி, கண்ணை மூடு, வாயைத் தொறன்னேன். கண்ணை மூடினா. வாயைத் தொறந்தா. அரை முந்திரியை வச்சேன்.

மென்னா. முழுங்கினா. பிறகு நாக்கைச் சொறிஞ்சா.

கொஞ்ச நேரத்துல கண் ரெண்டும் வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ரஹ்மத் ஓடி வந்தா. என்ன குடுத்தீங்கன்னு கேட்டா. மச்சான்தான் சொன்னார். அவ என்னைத் திட்டல. பையைத் திறந்து ஊசியை எடுத்துப் பாவாடைக்கு மேலேயே தொடையில போட்டா. எந்திரிச்சு நடக்க விடாதீங்க, தூக்கி ஜீப்புல வைங்கன்னா.

ஜீப்பு போடியைப் பாத்து இறங்குச்சு. ரோட்டை மூடிக் கிடந்தது மேகம். முன்னாடி போற லோடு வண்டியோட சிவப்பு விளக்கு மட்டும் தெரியுது. செல்போன்ல சிக்னல் இல்ல. அடங்கியிருந்த இழுப்பு, பாதி மலையில மறுபடி வந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

நான் துஆ கேக்கிறதுல பேர் வாங்கினவன். விசேஷ வீடுகள்ல நீட்டி முழக்கி ஓதுவேன். அன்னிக்கு ஒரு வார்த்தையும் வரல. வெக்கம். எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவன்கிட்டக் கேக்கிறது? கடைசியில இதுதான் வந்துச்சு: "யா அல்லாஹ், தப்பு என்னோடது. அவளை விட்டிரு."

மேகம் விலகல. வானத்திலிருந்து எதுவும் இறங்கல. பின்னாலிருந்து ரஹ்மத் குரல்தான் வந்துச்சு.

"வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க. ரெண்டாவது ஊசி போடணும். நீங்க வந்து காலைப் பிடிங்க."

பிடிச்சேன். அவ ஊசியைப் போட்டா. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க இறங்க, இழுப்பு தளர்ந்துச்சு. சமவெளிக்கு வந்ததும் நஸ்ரின் வாந்தி எடுத்தா. பிறகு, ரெண்டு காலும் வலிக்குதும்மான்னா. ஜீப்பு தரையிலேயே நெத்தியை வச்சு அழுதேன். போடி ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சுப் பாத்து அனுப்பினாங்க.

நான் கேட்டது ஜீப்புல. பதில் அதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க அடுப்படியில ஆரஞ்சைக் குத்திக்கிட்டு இருந்திருக்கு. நான் அதைப் பாத்துத்தான் சிரிச்சிருக்கேன்.

டாக்டரம்மாகிட்டப் போனப்போ, திட்டு வாங்கத் தயாராத்தான் போனேன். அவங்க என் பக்கம் திரும்பல. முதல்ல எங்க அரிச்சுச்சுன்னு நஸ்ரினைக் கேட்டாங்க. அவ சொன்னா: "நாக்குல. அப்ப அத்தா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

அதுக்கு மேல என்னை யாரும் அடிக்க வேண்டியதில்ல. ஆனா அதைவிடப் பெரிய அடியை டாக்டரம்மா குடுத்தாங்க. "முட்டை குடுத்த அன்னிக்கு நான் எதுக்கு ஊசியோட உக்காந்திருந்தேன்னு உங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லியிருக்கணும், அது என் தப்பு"ன்னாங்க. என் தப்பை அவங்க எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டாங்க.

இப்ப நானும் ஊசி போடப் பழகிட்டேன். விருந்துக்குப் போனா மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்றதுக்கு முன்னாடி சமையல் பண்டாரிகிட்டப் போய் எதுல முந்திரி இருக்குன்னு கேக்கிறேன். முந்திரி பாய்னு பேர் வச்சுட்டாங்க. வச்சுக்கட்டும். துஆவையும் சுருக்கிட்டேன், வீட்டாளுகளுக்கு அதுல பெரிய நிம்மதி.

சகோதரர்களே, முடியாத நேரத்துல அவன்கிட்டக் கேளுங்க. என்னை மாதிரி ஆளுக்கே குடுத்தவன், உங்களுக்குக் குடுக்க மாட்டானா? வெக்கப்பட்டு வாயை மூடிக்காதீங்க. வெக்கத்தோடவே கேளுங்க. கேட்டுட்டு வானத்தையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவங்களையும் பாருங்க.

ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்பை அவன் மன்னிப்பான். ஒரு ஆளுக்குச் செஞ்ச தப்பை அந்த ஆள்தான் மன்னிக்கணும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் இத்தனை மாசம் தள்ளிப் போட்டேன். நேத்து சாயங்காலம் வீட்டுப் பாடம் எழுதிக்கிட்டிருந்த நஸ்ரின் முன்னாடி போய் உக்காந்தேன். விளையாட்டுப் பேச்சு எதுவும் பேசல. அத்தா செஞ்சது பெரிய தப்பு, என்னை மன்னிப்பியாம்மான்னு கேட்டேன். பென்சிலைக் கீழே வச்சுட்டு என் முகத்தைப் பாத்தா.

"யோசிச்சுச் சொல்றேன் அத்தா."