நடுநரம்பு இல்லாத இலை

கொல்லிமலைப் பாறையில் நான் எடுத்த பாசியின் இலையில் நடுநரம்பு கிடையாது. இருப்பதாக எழுதச் சொன்னார் என் முதுகலை ஆய்வேட்டை வழிநடத்திய பேராசிரியர். எழுத மாட்டேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் மேலே இருக்கிற ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

வீடு வெண்ணந்தூருக்குப் பக்கம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். தாவரவியல் என்றதும் ஏதோ விவசாய ஆபீஸ் வேலை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாசி என்று தெரிந்ததும், போர்வெல் லாரியில் வேலை பார்க்கும் மாமா கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"ஏன் மாப்ள, கெணத்து மேட்டுல வழுக்கி உழுகறதுக்கு எம்.எஸ்ஸி. படிக்கோணுமா?"

"நீங்க பாறைய ஓட்டை போடறீங்க. அதும்மேல என்ன இருக்குதுன்னு நான் பாக்கறனுங்க மாமா."

பந்தி சிரித்தது. மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அந்தப் பாசி மலைச்சாலையின் ஒரு வளைவில், வெயில் நேராக அடிக்கும் பாறையில் இருந்தது. காய்ந்து கிடக்கையில் கருத்த சாம்பல் நிறம், கையை வைத்தால் மெத்தை. இலை நுனிகள் மட்டும் வெளுப்பு, தறிக் கொட்டகைச் சுவரில் படியும் பஞ்சுத்தூசி போல. பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன். தண்டோடு ஒட்டிக் கிடந்த இலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாயின. செத்ததென்று நினைத்தது எழுந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது.

வம்பு அந்த வெள்ளை நுனியில்தான் வந்தது. பாறைமேல் மெத்தையாக வளர்ந்து நுனி வெளுத்திருந்தால் கிரிம்மியா என்ற பேரினம் என்று எழுதிவிடுவது எங்கள் துறையில் பழக்கமாகியிருந்தது. எனக்கு முன்னால் படித்த ஒருவரும் அதே பாறையில் எடுத்ததை அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் கிரிம்மியாவின் இலையில் அடியிலிருந்து நுனி நோக்கி ஒரு நரம்பு ஓடும். வித்துப்பையின் வாயைச் சுற்றிப் பற்கள் இருக்கும். என்னுடையதில் நரம்பும் இல்லை, பற்களும் இல்லை. வித்துப்பை காம்பே இல்லாத மாதிரி இலைகளுக்குள் புதைந்திருந்தது. இவை அத்தனையும் சேர்ந்து வருவது ஹெட்விஜியா என்ற வேறொரு பேரினத்தில். நான் அப்படியே, அதற்குள் எந்த இனம் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

நரம்பு இல்லை என்பதை முதலில் காட்டியது ஒரு மடக்குப் பூதக்கண்ணாடி. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பார்களே, அது. சேலம் கடைவீதியில் வாங்கினேன். வீட்டில் அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இது மொதலாளிக கையில இருக்கற சாமானாச்சே. நம்மூட்டுக்கு எதுக்கு சாமி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நெய்த துணியைக் கொண்டுபோய் இறக்கினால், முதலாளி மேசையில் விரித்து இந்தக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். "இழை கொறையுது" என்பார். தலையாட்டிவிட்டு வரவேண்டும். கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தானும் ஒருமுறை பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கூலிக்கு நெய்கிற எவருக்கும் இல்லை. அப்பா தலையாட்டியதைச் சிறுவயதில் நானே கூட நின்று பார்த்திருக்கிறேன். குறைந்த இழையை மட்டும் எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. என் பேருந்துப் பாஸ் தீர்ந்த மாதம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டவர். அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, முன்னாடி கிரிம்மியான்னு வந்துருக்கு. நீ புதுசா ஒண்ணு சொன்னா வெளியிலருந்து வர்ற தேர்வாளர் நோண்டுவாங்க. திருப்பி அனுப்பிட்டா ஒரு வருஷம் போச்சு. வீட்டுல முதல் ஆளாப் படிக்கறே, உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

அந்தக் கடைசி வரிதான் தைத்தது. முதல் ஆள் என்றால் குனிந்து நடக்க வேண்டுமா?

"இல்லாத நரம்பை எப்படிங்க சார் எழுதறது?"

"கையெழுத்துப் போடறேன். தேர்வு அன்னைக்கு உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வீட்டில் சொன்னேன். அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டே, "ஒத்துக்கிட்டா என்னாவுது சாமி? அந்தப் பாசியா வந்து கேக்கப்போவுது?" என்றார்.

"நீங்க ஒத்துக்கிட்டு வந்ததெல்லாம் பத்தாதுங்களாப்பா?"

அவர் முடிச்சை இறுக்கினார். தறியைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியாது.

தேர்வுக்கு வந்தவர் ஓர் அம்மையார். என் ஆய்வேட்டில் அந்தப் பாசியைப் பற்றிய பக்கத்தில் விரல் வைத்தார்.

"கிரிம்மியாதானே இது? நுனி வெளுத்திருக்கே."

"நுனி வெளுத்திருக்குதுங்க மேடம். நரம்பு இல்லீங்க."

நுண்ணோக்கியில் ஏற்கெனவே ஓர் இலையை வைத்திருந்தேன். குனிந்து பார்த்தார்.

"இலை சரியா வராம இருந்திருக்கும். ஒண்ணை வெச்சு முடிவு பண்ணிட்டியா?"

பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே வாய் திறக்கவில்லை. காய்ந்த பாசியையும் ஊசியையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் எடுத்துத் தரலீங்க. உங்களுக்குப் பிடிச்ச இலைய நீங்களே எடுத்துப் பாருங்க மேடம். நரம்பு இருந்தா நான் எழுதுன பேர இப்பவே அடிச்சுடறேன். இல்லீன்னா மாத்த மாட்டேனுங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், இலைகள் விரிந்தன. ஒன்றை உரித்துப் பார்த்தார். இன்னொரு தண்டிலிருந்து இன்னொன்று. பிறகு வித்துப்பையைத் தேடி எடுத்து அதன் வாயைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "சார், நீங்களும் பாத்துடுங்க" என்றார்.

பேராசிரியர் எழுந்து வந்து குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"கிரிம்மியா இல்ல" என்றார், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"ஹெட்விஜியா சரி," என்றார் அம்மையார். "ஆனா இனம் வரைக்கும் எழுதிருக்கே. அதுக்கு நுனிச் செல்லுல இருக்கற முள்ளைத் தெளிவாப் பாக்கணும். இந்த நுண்ணோக்கியில தெரியாது."

அது உண்மை. இனப்பெயரை அங்கேயே அடித்தேன். பேரினம் நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா தறியை நிறுத்தினார். நடந்ததை முழுதாகக் கேட்டார். தேர்ச்சி பெற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா கையில ஊசியக் குடுத்து, நீயே பாருன்னுட்டியா?"

"ஆமாங்கப்பா."

"வாத்தியாரும் குனிஞ்சு பாத்தாரா?"

"பாத்தாருங்க."

தறிமேல் படிந்திருந்த பஞ்சைத் துண்டால் தட்டினார். தட்டிய இடத்தையே மறுபடியும் தட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தக் கண்ணாடிய எடுத்து வெய்யி சாமி. நாளைக்குத் துணி எறக்கப் போறேன்."