பாலராமபுரத்தில் நின்ற கால்

வலி முதலில் வந்தது கொல்லம் தாண்டிய பிறகு. வலது பாதத்தின் மேல்பக்கத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னால், விரல் நுனி அளவு இடத்தில். காலையில் நடக்கத் தொடங்கியதும் தலைகாட்டும், கொஞ்ச நேரத்தில் மங்கும், சாயங்காலம் திரும்ப வரும். ஷூ கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். மாத்திரை போட்டேன். ஐந்து மாதமாக நடக்கிறவளுக்கு எங்கேதான் வலிக்காது?

காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு நடந்துகொண்டிருந்தோம், நானும் கோவைக்காரத் தோழி வசந்தாவும். வேண்டுதல் எதுவும் இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு, இந்த உடம்பால் என்ன முடியும் என்று பார்க்கிற ஆசை. எங்களுக்கு ஒரே சட்டம்தான்: சக்கரம் வைத்த எதிலும் ஏறக்கூடாது. சாப்பாட்டுக் கடை வந்த வழியிலேயே பின்னால் இருந்தாலும் நடந்து போய், நடந்து திரும்புவோம். நெடுந்தூரம் நடக்கிறவர்களைப் பிடிக்கிற பைத்தியம் இது. நடுவில் கொஞ்சம் விட்டுப்போனாலும் மொத்தமும் வீண் என்று தோன்றும்.

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று திருவனந்தபுரம் வழியாக வந்தோம். எங்கள் தெருவில் காசிக்குப் போய் வந்தவர்களை நமஸ்காரம் செய்து, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். நடந்தே வந்தவள் என்றால் கேட்க வேண்டுமா? வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். நான் யாத்திரை போகவில்லை என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எதிர்வீட்டுக் கோமதி, பக்தி மிகுந்து, வலது பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் என் கணவர்.

"இன்னிக்குத்தான்." அப்பட்டமான பொய்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் நடந்தே போனேன். எலும்புப் பிரிவு நீண்ட வராந்தாவின் கோடியில் இருந்தது. நான் நொண்டுவதைப் பார்த்து ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாட்டேன் என்றேன். கணவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் வந்தார்.

டாக்டர் ஒரு மலையாளிப் பெண். எனக்காகத் தமிழில் பேச முயன்றார்.

"எக்ஸ்-ரேயில ஒண்ணும் காணலை. பட்சே... ஆனா, ஒண்ணும் இல்லைன்னு இப்போ சொல்ல முடியாது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆயிருக்கலாம். எம்.ஆர்.ஐ. பார்த்துட்டு முடிவு செய்யலாம். அது வரைக்கும் நடக்கவே கூடாது, கேட்டோ?"

ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஒரே இடத்தில் ஓயாமல் பாரம் விழுந்து எலும்பில் உண்டாகும் விரிசல்) தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது என்றும் விளக்கினார். நான் பிடித்துக்கொண்டது முதல் வாக்கியத்தை மட்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். வசந்தாவின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்ததால் அவளால் அவ்வளவு நாள் தங்க முடியாது. படத்தில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அடுத்த நாள் விடியலில், கணவர் தடுக்கத் தடுக்க, கிளம்பிவிட்டோம்.

கரமனை, நேமம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. பாலராமபுரத்தில் ரோட்டோரம் ஒரு சின்னப் படியிலிருந்து இறங்கினேன். காய்ந்த சுள்ளி ஒடிந்தது போல உள்ளே ஏதோ முறிந்தது. அதன் பிறகு காலை ஊன்ற முடியவில்லை. வசந்தா ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். காசியிலிருந்து வைத்த ஒவ்வோர் அடியும் குப்பைக்குப் போய்விட்டதே என்ற ஆத்திரம்.

நிற்காமல் நடந்து முடிக்கும்படி வசந்தாவிடம் சொன்னதும் நான்தான். சில நாளில் கன்னியாகுமரிக் கடலின் முன் நின்று படம் அனுப்பினாள். வாழ்த்து எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பொறாமைதான், வேறென்ன?

முறிந்த காலோடு திரும்பப் போனபோது டாக்டர் திட்டவில்லை. "மாதவிடாய் நின்னு எத்ர வருஷமாச்சு?" என்று கேட்டார். பரிசோதனையில் ஆஸ்டியோபீனியா (எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது) என்று வந்தது. பை, ஷூ, மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றையும் எடைபோட்டு வாங்கியவள், சொந்த எலும்பை நினைக்கவே இல்லை. ஐம்பது தாண்டி நடக்கக் கிளம்பும் பெண்களே, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தாலும், வலி நீடித்தால் வலியை நம்புங்கள்.

பாதத்தை அசையவிடாத, முழங்கால் வரையிலான பூட்ஸ் மாட்டி வீட்டில் கிடந்த வாரங்களில், நலம் விசாரிக்க வந்தவர்கள்தான் என் பொறுமையைச் சோதித்தார்கள். கன்னியாகுமரி இதோ பக்கத்தில்தானே என்று சொல்லாதவர் பாக்கியில்லை. கடைசியில் கணவரும் தொடங்கினார்.

"கேட்டியோ, கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரமாக்கும். கார்த்தால கெளம்பினா மத்யானம் சாப்பாட்டுக்கு ஆத்துக்கு வந்துடலாம்."

"கார்ல போறதுக்கா நான் காசிலேர்ந்து நடந்தேன்?"

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

எலும்பு கூடி, பிசியோதெரபி (தசைக்கும் மூட்டுக்குமான பயிற்சி சிகிச்சை) முடிந்த பிறகு, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க அனுமதித்தார். வலி தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே தம்பானூரில் பஸ் ஏறி, பாலராமபுரத்தில் இறங்கி, முறிந்த இடத்திலிருந்து கொஞ்சம் நடந்து, மறுபடி பஸ் பிடித்து வீடு திரும்பினேன். அடுத்த முறை, விட்ட இடம் வரை பஸ். சக்கரமே கூடாது என்றிருந்தவள், நடந்ததைவிட அதிக நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை. முன்பு ஒரு பகலில் கடந்திருக்கும் தூரம் ஒரு மாதத்தை விழுங்கியது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே என் ஒரு வார நடை ஐந்து நிமிடத்தில் ஓடி மறையும். பற்றிக்கொண்டு வரும்.

கடைசி நடைக்குக் கணவரும் வந்தார். கன்னியாகுமரி ஊருக்குள் ஒரு திருப்பத்தில் கடல் தெரிந்தது. அப்போது பாதம் வலிக்கத் தொடங்கியது.

"கடல் தெரியறதே, கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்றார்.

"தெரியறது. வலிக்கவும் வலிக்கறது."

கடல் மேல் கோபம், கால் மேல் கோபம், பொறுத்துக்கொள்ளச் சொன்ன அவர் மேலும் கோபம். ஆனாலும் திரும்பி பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

பத்து நாள் கழித்துப் போய் மிச்சத்தையும் நடந்து முடித்தேன். தண்ணீரில் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது.

எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்கிறார்கள். காசியிலிருந்து பாலராமபுரத்துக்கு ஐந்து மாதம், அங்கிருந்து குமரிக்கு ஏழு மாதம் என்கிறேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

இப்போது தினமும் எழுந்ததும், பாதத்தைத் தரையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். இன்று எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதை நான் கேட்டதே இல்லை, இழுத்துக்கொண்டு போனேன். கேட்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேட்கிறேன்.