சந்தனம் தின்ற சக்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. மூன்றாம் வகுப்பும் என்னை விரும்பி வைத்திருக்கவில்லை. இருந்தாலும் இன்று திருவனந்தபுரத்தில் கட்டில் காலோ தொட்டில் குமிழோ கடைய வேண்டுமென்றால் என் பட்டறையைத்தான் விசாரித்து வருகிறார்கள். அதிலும் படித்தவர்கள்தான் அதிகம்.

கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு பட்டறையில்தான் தொடங்கினேன். அங்கே முதலாளி ஒரு சீமைக் கடைசல் எந்திரம் வைத்திருந்தார். கல்லாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்றது. காலால் மிதித்தால் சுழலும். அதன் முகப்பில் சக், அதாவது மூன்று பல்லால் மரத்தைக் கவ்விக்கொண்டு சுற்றும் இரும்புத் தலை. அதன் வளையத்தைக் கம்பி கொடுத்துத் திருகினால் மூன்று பல்லும் ஒன்றாக நெருங்கும், ஒன்றாக விலகும். ஓட்டத் தெரியுமா என்று முதலாளி கேட்டார். நாகர்கோவில் ரயில் பட்டறையில் நாலு வருஷம் இதனோடுதான் படுத்து எழுந்தேன் என்றேன். அதுவரை நான் தொட்ட பெரிய எந்திரம் தேங்காய்த் துருவி. ஆனால் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். மற்றவனுக்கு ஒரு வருஷம் ஆகும்.

அந்த எந்திரத்தின் மேல் முதலாளியின் மச்சினனுக்கு, அந்த ஊர்ப் பேச்சில் அளியனுக்கு, ஒரு கண். வேலை தெரியாது, ஆனால் அக்காள் இருந்தாள்.

பேஷ்கார் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர், தம் கைத்தடியின் யானைத்தந்தக் குமிழைப் புதுத் தடிக்குத் துளைபோடக் கொடுத்திருந்தார். மாலை நாலு மணிக்குக் கோவிலுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. காலையிலேயே துளை போட்டுவிட்டேன். குமிழைக் கழற்றப் போனால் வளையம் அசையவில்லை. கம்பியைப் போட்டு நான் தொங்கினேன். பிறகு மச்சினனும் தொங்கினான்.

"ரயில் பட்டறைக்காரரு முறுக்கினதாக்கும். இனி அறுத்துத்தான் எடுக்கணும்" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே.

முதலாளி என்னைப் பார்த்தார். "கேளும்வே. தந்தத்துல ஒரு கீறல் விழுந்தாலும் சரி, சக் திரும்ப ஓடலேன்னாலும் சரி, நீரு இன்னைக்கே ஊருக்கு வண்டி ஏறும். நாளைக்கு எந்திரத்துல அளியன் இருப்பான்."

சக்கை எந்திரத்திலிருந்து கழற்றினேன். பல்லுக்கு வெளியே தெரிந்த குமிழை வாட்டிய வாழையிலையில் சோற்றுப் பொதி மாதிரிச் சுற்றிக் கட்டினேன். மண்ணெண்ணெய் பட்டால் தந்தம் மஞ்சளாகிவிடும். இரண்டு செங்கல்லின் மேல் சக்கைக் கவிழ்த்து வைத்து, அடியில் மரத்தூளைக் குவித்தேன். பின்பக்கத் தகட்டில் மூன்று திருகாணிகள். அவற்றின் பள்ளம்கூடத் தெரியவில்லை. கோணி ஊசியால் அழுக்கைச் சுரண்டிவிட்டுத் திருப்புளியால் கழற்றினேன். தகட்டைத் தூக்கினால், உள்ளே வளையத்தில் நத்தை ஓடுபோல் சுருளும் பள்ளம். அதில் கறுப்பாக ஒரு சாந்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எல்லாம் தெரிந்தவன்போல் காத்திருந்தேன். பிறகு மரக் கொட்டாப்புளியால் சுற்றிலும் தட்டித் தட்டி வளையத்தை நெம்பினேன். அது வந்ததும் பற்கள் தளர்ந்தன. குமிழ் இலையோடு மரத்தூளில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

சாந்தைச் சுரண்டி மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு அடியில் சந்தனம் மணத்தது.

முதலாளிக்கு வெள்ளிக்கிழமை தவறாது. மூன்று பல்லுக்கும் பள்ளம் பள்ளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவார். இந்த ஊரில் தலைக்கும் தாளிப்புக்கும் பூட்டுக்கும் ஒரே தேங்காயெண்ணெய்தான். சக்குக்கும் அதையே விட்டார். எண்ணெயும் சந்தனமும் மரத்தூளும் சேர்ந்தால் அதைவிடப் பலமான காரையைக் கொத்தனாரே குழைக்க முடியாது. அவர் பக்திதான் சக்கின் வாயைக் கட்டியிருந்தது. ஒரு உருண்டையை மடியில் முடிந்துகொண்டேன். நல்ல சமயத்தில் நாலு பேர் முன்னால் அவிழ்க்கலாம்.

துடைத்துப் பூட்டி ஒரு கட்டையைக் கொடுத்து மிதித்தேன். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போல் கட்டை தள்ளாடியது. மச்சினன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுபடி கழற்றினேன். ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. யாரோ கீறியது என்று முதலில் விட்டிருந்தேன். அது துரைமாரின் எண். அந்தந்தப் பல்லை அதனதன் இடத்தில்தான் போட வேண்டும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். இம்முறை கட்டை ஆடாமல் சுழன்றது.

பேஷ்கார் வந்தார், குமிழைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

"எதனால பிடிச்சது அளியா, இவரு முறுக்கினதாலதானே?" என்றான் மச்சினன், விடாமல்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். மடியை அவிழ்த்து உருண்டையை முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கி மோந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"வேய், நாகர்கோயிலுக்கு இன்னும் ரயிலே வரலியே. எந்தப் பட்டறையில நாலு வருஷம் இருந்தீரு?"

சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"என்னது அது?" என்றான் மச்சினன்.

"மரத்தூளு" என்றேன்.

முதலாளி உருண்டையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, கைகழுவப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனமும் குங்குமமும் எந்திரத்தின் கால்களுக்கு மட்டும் விழுந்தன. காரணம் கேட்ட மச்சினனிடம், சாமியே ஆனாலும் முதலில் காலைத்தான் தொட வேண்டும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே மிதித்தேன்.