கேற்றின் இரு பக்கமும் றோல்ஸ்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் றெயிலில் ஏறினால் முதலில் சீற் பிடிப்பீர்கள், பிறகு போனைப் பார்ப்பீர்கள். அந்த றெயிலை யார் ஓட்டுகிறார்கள், கதவை யார் மூடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது உங்கள் பிழை இல்லை. என் சித்தப்பா றெயிலில் வேலை செய்திருக்காவிட்டால் நானும் கேட்டிருக்க மாட்டேன். போன கிழமை மூத்தவள் யூனியன் என்றால் என்ன என்று கேட்டாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்களோ தெரியாது. நான் கண்டதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்திலிருந்து டவுன்ரவுனுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய சின்னக் கொம்பனி ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எங்களோடு இருந்த சித்தப்பா அதில் கார்ட். ஓட்டுபவர் முன்னால் இருப்பார், கார்ட் கடைசிப் பெட்டியில் இருப்பார். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் கார்ட் யன்னலால் தலையை நீட்டி, எல்லோரும் ஏறிவிட்டார்களா, யாருடைய பையாவது கதவில் அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்து மணி அடிப்பார். அந்த மணி கேட்டால்தான் றெயில் நகரும். பனி கொட்டினாலும் தலை வெளியேதான். குளிர்காலம் முழுக்கச் சித்தப்பாவின் ஒரு காது தோலுரிந்தே இருக்கும். அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு அவருக்குப் பின்னால் திரிவார்.

ஒரு குளிர்காலத்தில் கொம்பனி, இனிமேல் ஓட்டுபவர் மட்டும் போதும் என்று சொன்னது. பிளாட்போமில் கண்ணாடியும் ரீவியும் பூட்டிவிட்டால் அவரே பார்த்துக்கொள்வாராம். கார்ட்டுகளில் சிலருக்கு ஓட்டப் பழக்குவார்களாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாமாம். யூனியன் ஸ்ரைக் என்றது. சித்தப்பா தொப்பியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, யூனியனின் சுலோக அட்டையைத் தூக்கிக்கொண்டு போய், றெயில்கள் நிற்கும் யார்ட்டின் கேற்றடியில் நின்றார்.

சித்தி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். சித்தப்பா அவரைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருந்தார். வேலை போனால் சித்தியை விடமாட்டார்கள் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொன்னார்கள். சரியோ பிழையோ, எங்கள் வீட்டில் அதை நம்பினோம். சித்தி போன் எடுத்தால் முதல் கேள்வியே அதுதான். “அக்கா, அவர் வேலைக்குப் போறாரோ?”

அம்மா சாப்பாட்டு மேசையில் சித்தப்பாவைப் பிடித்தார்.

“தம்பி, உங்கட யூனியன் எங்களுக்குச் சோறு போடுமே?”

“போடாது மச்சாள். அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள்.”

பத்திரிகைக்குப் பின்னால் அப்பா சிரித்தார். அம்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பத்திரிகை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா விடியவே எழும்பி மட்டன் றோல்ஸ் பொரித்தார். பெரிய தட்டு நிறைய அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்.

“இண்டைக்கு உன்ர சித்தப்பாவைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் வேலையில விடுறன்,” என்றார். “வயிறு நிறைஞ்சா ஆம்பிளையள் சொல்லுறதைக் கேப்பினம். நீ இங்கிலிஷ் கதைக்க வா.”

யார்ட் கேற்றடியில் சேறும் பனியுமாக இருந்தது. ஒரு தகரப் பீப்பாவில் நெருப்பு எரிந்தது. அட்டை பிடித்தவர்கள் பாட்டுப் பாடியபடி கேற்றுக்குக் குறுக்கே வளையமாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வளையத்தைத் தாண்டி ஒருவரும் உள்ளே போகக்கூடாது. ஸ்ரைக்கின் முதல் சட்டம் அது. அதைக் காப்பதற்குப் பொறுப்பானவருக்குப் பிக்கற் கப்டன் என்று பெயர். அன்றைய கப்டன் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெண், றெயில் ஓட்டுபவர். சித்தப்பாவைவிட ஒரு தலை உயரம்.

அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறொரு சட்டம். கலியாண வீடோ, செத்தவருக்கான அந்தியேட்டி வீடோ, தட்டைக் கையில் எடுத்தால் கண்ணுக்குத் தெரிந்த ஒருவரையும் விட்டுவிட்டுத் திரும்பக்கூடாது. அம்மா வளையத்தைச் சுற்றிவந்து ஆளுக்கொரு றோல்ஸ் கொடுத்தார். கப்டனுக்கு இரண்டு. பிறகு நிமிர்ந்து பார்த்தார். கேற்றுக்கு உள்ளே சுத்தமான ஜக்கற் போட்ட மூன்று நான்கு மனேச்சர்மார் குளிரில் நின்றார்கள். தட்டில் இன்னும் மிச்சம் இருந்தது. அம்மா நேரே வளையத்தை ஊடறுத்து உள்ளே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சித்தப்பா கத்தியிருப்பார். ஆனால் வாய் நிறைய றோல்ஸ்.

ஒரு மனேச்சர் இளம் ஆள். ஒன்றை எடுத்துக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்றையும் எடுத்தார். நாங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டார். நான் சித்தப்பாவைக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“திங்கக்கிழமை சித்தப்பா உள்ளுக்கை வந்தா டிரைவர் ஆக்கிவிடுவினமாம். கார்ட் வேலை இனி இல்லையாம். கெதியா வாறவைக்குத்தானாம் இடம்.”

அம்மாவின் முகம் விரிந்தது. தேடி வந்தது தானாகவே கைக்கு வந்த முகம். பிறகு அவர் திரும்பிக் கேற்றைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நக்கிக்கொண்டிருந்தவர்கள், மீசையில் றோல்ஸ் தூள் ஒட்டியவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மற்றவையும் வரலாமோ எண்டு கேள்.”

கேட்டேன். எல்லோருக்கும் இடமில்லை, உன் சித்தப்பா மற்றவர்களுக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை என்றார் அவர்.

அம்மா தட்டை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“பந்தியில ஒருத்தனை மட்டும் கூப்பிட்டு இருத்திப்போட்டு மற்றவையை வாசலில நிக்க விடுறதே? அப்பிடி ஒரு சாப்பாடு எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிடமாட்டினம் எண்டு சொல்லு.”

எனக்கு அதற்கு இங்கிலிஷ் வரவில்லை. “நோ, தாங் யூ” என்றேன்.

திரும்பி வந்தபோது கப்டன் கையைக் கட்டிக்கொண்டு வழியில் நின்றார். யாருடைய குடும்பமாக இருந்தாலும் ஒருவரும் தாண்டக்கூடாது என்று சித்தப்பாவுக்கு உரத்துச் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்தார்.

“என்னவாம் இந்த மனுசி?” என்றார் அம்மா.

“தாண்டினது பிழையாம் மச்சாள்.”

“எனக்கு ஆர் சொன்னது? ஒரு கயித்தையாவது கட்டி விட்டிருக்கலாமே.”

சித்தப்பா அதை மொழிபெயர்த்தார். கப்டனின் வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது, அவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அம்மா, மனேச்சர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார்.

“உதை என்னட்டைப் போன கிழமையே கேட்டவை,” என்றார் சித்தப்பா.

“எனக்குச் சொல்லேல்லையே.”

“சொன்னா நீங்கள் என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் விட்டிருப்பியள்.”

அம்மா என்னைப் பார்த்தார். அவர் பஸ்ஸில் சொன்னதை நான் வெளியே விடவில்லை. கப்டன் சித்தப்பாவிடம் விஷயத்தைக் கேட்டு அறிந்தார். மற்றவர்களிடமும் அப்படி இரகசியமாகக் கேட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். இன்னும் சிலர் கையை உயர்த்தினார்கள். அதுவரை ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை. அன்று பின்னேரம் வரை அம்மா அந்த வளையத்தில் நடந்தார். அட்டை கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். வெறும் தட்டோடு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் சித்தி போன் எடுத்தார். அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

“இல்லைப் பிள்ளை, அவரிலை பிழையில்லை,” என்றார் அம்மா. “அவர் போகத்தான் வெளிக்கிட்டவர். நான்தான் மறிச்சனான். ஓம், நான்தான். ஏசுறதெண்டா என்னை ஏசு.”

சித்தப்பா குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டது. கரண்டி நின்றது, பிறகு திரும்பவும் சுற்றியது.

எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பா எங்கே வெளிக்கிட்டார்? பொய் சொன்னதற்கு எனக்கு அடி விழும் வீட்டில் அம்மா மட்டும் இப்படிப் பொய் சொல்லலாமா? அதுவும் சித்தப்பா செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிப் பெயர் எடுக்கிறாரே என்றுதான் நினைத்தேன். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

பனி கரைய முன்னமே ஸ்ரைக் முடிந்தது. கார்ட்டுகள் இருப்பார்கள் என்று எழுத்தில் வாங்கினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஓட்டுபவர் மட்டுமான றெயில் வரத்தான் செய்தது. ஆனால் அன்று கேற்றடியில் நின்ற ஒருவரையும் கொம்பனியால் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அவர்கள் தாங்களாக ஓய்வெடுத்தார்கள், அல்லது ஓட்டப் பழகினார்கள்.

சித்தியும் வந்து சேர்ந்தார், நினைத்ததைவிடப் பிந்தி. அம்மாவோடு அவர் முகம் கொடுத்துக் கதைக்கக் கனகாலம் எடுத்தது. கோயிலில் கண்டால் வேறு பக்கம் திரும்புவார். அம்மா அதைத் தாங்கிக்கொண்டு அவருக்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் காய்ச்சிக் கொடுத்தார். உண்மையை மட்டும் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த ஒரு பெண் தன் புருஷனை வெறுக்கக்கூடாது, அவர் உறுதியாக நிற்பதற்கு வீட்டிலிருந்து வருகிற ஏச்சை யாராவது வாங்கவேண்டும் என்று அம்மா அந்த போனிலேயே முடிவெடுத்துவிட்டார். அது பெயர் எடுப்பது இல்லை என்று விளங்க எனக்குக் கலியாணம் ஆகவேண்டியிருந்தது.

போன மாதம் மிசிசாகாவில் ஒரு கிடங்குக்கு லொறியில் சாமான் கொண்டுபோனேன். வாசலில் ஆட்கள் அட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் லொறியைக் கண்டு, கத்தக்கூடச் செய்யாமல், மறித்துப் பயனில்லை என்று களைத்தவர்கள் போல இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். நான் உள்ளே போகவில்லை. பக்கத்து றோட்டில் லொறியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஒவ்வீசுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு இந்தச் சாமானை நான் இறக்கமாட்டேன் என்று சொன்னேன்.