எதிர்வீட்டைத் தூக்கியபோது நான் எழுதிய மனு

எங்கள் தெரு ஒரு காலத்தில் உப்பளமாக இருந்தது. மனை விற்றவர் அதைச் சொல்லவில்லை. கடற்காற்று நன்றாக வரும் என்று மட்டும் சொன்னார். காற்று வந்தது. தரைக்கு அடியிலிருந்து உப்பும் வந்தது. குடியேறிய இரண்டாம் வருடமே சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து மாவாக உதிர்ந்தது. அதனால் தெருவில் எல்லாருமே ஹால் சுவரில் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டோம். வெளியூர் உறவினர்கள் வந்து, ஹாலுக்கு எதற்குக் குளியலறை டைல்ஸ் என்று கேட்பார்கள். இப்போது இதுதான் பேஷன் என்று கூசாமல் சொல்லிவிடுவோம்.

உப்பைச் சமாளித்தாயிற்று. ரோட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு ஏற ஏற, வீடுகள் பள்ளமாகிக்கொண்டே வந்தன. கடல் நடந்து போகிற தூரம்தான், ஆனாலும் மழைத்தண்ணீர் அங்கே போகாமல் எங்கள் வீட்டுக்குள் வரத் தொடங்கியது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவள் நான். என் வீட்டுக்கே அது வந்து நடத்திக் காட்டியபோது ரசிக்க முடியவில்லை.

முதல் தப்பு என்னுடையதுதான், அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லாரி கட்டட இடிபாடு வாங்கிக் கொட்டி, முற்றத்தையும் வாசற்படியையும் உயர்த்தினேன். அந்த வருட மழைக்கு எங்கள் வீடு உலர்ந்து கிடந்தது. தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டு அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அரிசி மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, "இந்த வருசம் தண்ணி எங்களத் தேடி வந்துட்டு, டீச்சர்" என்றார். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு ஒரு சட்டி ரசம் கொடுத்தனுப்பினேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் இன்னொரு ரோடு போட்டார்கள். அண்ணாச்சி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். எங்கள் தெருவில் எந்த மனுவாக இருந்தாலும் என் கையால்தான் எழுதப்படும். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, துறைமுகத்துப் பக்கமிருந்து வந்து காயப்போட்ட வேட்டியில் படியும் கரித்தூள், எல்லாவற்றுக்கும் நான்தான் எழுதினேன்.

"வீட்ட ஜாக்கி வச்சித் தூக்கப் போறேன், டீச்சர். கரண்ட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் வேணும், வயர அவுத்துக் கட்டணும்லா."

எழுதிக்கொண்டே எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"மூணடி போதும்னு சொல்லுதாவ. நான் ஒரடி சேத்து நாலடின்னுட்டேன்."

பேனா நின்றுவிட்டது. நாலடி வீடு, அதற்கேற்ற மேடாக முற்றம். தெருத்தண்ணீர் மொத்தமும் இனி எங்களுக்குத்தான். நாங்களும் தூக்கலாம். ஆனால் நாலடி என்றால் ஏழு படி. என் கணவர் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முழங்காலும் போய்விட்டன. படி ஏற முடியாது. தண்ணீர் வந்தால் மொட்டை மாடிக்கும் போக முடியாது. வெள்ளத்துக்கு நடுவில் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று பயந்துபோனேன்.

அன்று சாயங்காலமே, அதே பேனாவால், அதே மாதிரித் தாளில், மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். எதிர்வீட்டைத் தூக்குவதால் தெருவுக்கே ஆபத்து என்று மூன்று பத்தி. முக்கியமான இடங்களில் வழக்கம்போல ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இரண்டு கோடு. கீழே, 'பெயர் வெளியிட விரும்பாத தெருவாசி'.

என் கணவர் வாங்கிப் படித்தார். "ஏளா, பேரு மட்டும்தான் இல்ல. மத்த எல்லாம் உன் எழுத்துல்லா?"

மாநகராட்சிக்கு என் எழுத்து தெரியாது என்று சொல்லி, நானே போய்த் தபாலில் போட்டேன்.

வீடு தூக்குகிறவர்கள் வந்தார்கள். அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஒருவர் விசில் ஊத, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகினார்கள். வீட்டுக்குள் மதினி, அண்ணாச்சியின் மனைவி, அவள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். தெருவே நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தது. முதல் வரிசையில் என் கணவர். வேலை முடிந்ததும் மறுபடியும் பால் காய்ச்சினார்கள். பழைய வீட்டுக்கு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு மதினி, "வீடு பழசுதான், ஒயரம் புதுசுல்லா" என்றாள். நானும் ஏழு படி ஏறிப் போனேன். அண்ணாச்சி எனக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார். கீழே நின்ற என் கணவருக்குப் பாயசம் படிக் கைப்பிடிக்கு மேலாக இறங்கியது. மனு எங்கோ குப்பையில் போயிருக்கும் என்று நிம்மதியாகக் குடித்தேன்.

அந்த ஐப்பசியில் எப்படியோ தப்பித்தோம். மார்கழியில் வந்தது மழை. விடாமல் பெய்து, மேற்கே குளங்கள் உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். காலையில் இட்லி வேகுமுன் தண்ணீர் வாசற்படி தாண்டியது. பத்து மணிக்கு டைல்ஸின் பாதி உயரம். கணவரைச் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார வைத்திருந்தேன். "டைல்ஸுக்கு மேல ஏறாது, பயப்படாத" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

வாசலில் சத்தம் கேட்டது. முழங்கால் தாண்டிய தண்ணீரில் அண்ணாச்சியும், அவர் கடையில் மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள். என் கணவரை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

"ஏலே, சாய்க்காம தூக்கு. சாருக்கு அடி பட்டுன்னா டீச்சர் மனு எழுதிப் போட்ருவாவ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தண்ணீருக்குள் நிற்கும்போதே வியர்த்தது.

மூன்று நாள் அவர்கள் வீட்டில் இருந்தோம். நான் நிறுத்தப் பார்த்த அந்த நாலடிக்கு மேல்தான் சாப்பிட்டோம், தூங்கினோம். இரண்டாம் நாள் மத்தியானம் மதினி ரேஷன் கார்டைத் தேடிப் பரணிலிருந்து ஒரு பையை இறக்கினாள். அண்ணாச்சி அதிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். என் மனுவின் ஜெராக்ஸ்.

"விசாரிக்க வந்த ஆளுட்ட ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டேன். அங்கன ஒங்க வீட்ல இருந்திருந்தா இந்நேரம் நனஞ்சி போயிருக்கும். இங்கன பத்திரமா இருக்கு பாத்தீயளா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அண்ணாச்சி, சாரால படி ஏற முடியாது. அந்தப் பயத்துல எழுதிட்டேன்" என்றேன்.

"அத நேர்ல வந்து சொல்லிருக்கலாம்லா" என்றார். தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கும் வருத்தம் இருந்திருக்கிறது. அதுவரை அது எனக்குத் தோன்றவேயில்லை.

தண்ணீர் வடிந்து, ஒரு வாரம் சேறு கழுவினோம். அண்ணாச்சி கொத்தனாரைக் கூட்டிவந்து, தன் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டினார். என் கணவர் தடியை ஊன்றி அதில் ஏறி, தானாகவே போய் மேலே உட்கார்ந்தார். இப்போது மாலை டீ அவருக்கு அங்கேதான்.

பிறகு அண்ணாச்சி மறுபடியும் காகிதத்தோடு வந்தார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், தெருவே கையெழுத்துப் போடும், மனு நான் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். சிவப்புக் கோடும் போட்டேன். அவர் மெதுவாகப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, டீச்சர். இந்தத் தடவ அடியில பேரு போட்ருங்க."