அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் லேக் கார்டன்ஸில் குடியிருந்தபோது, மூத்த பெண்ணுக்கு அமெரிக்காவில் வேலையாயிருந்த ஒரு பையனின் ஜாதகம் பொருந்தி வந்தது. அவள் ஜாதவ்பூரில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். கல்யாணத்துக்கு முன் படிப்பை முடிக்க விடுவாரா என்று அவரிடம் தன் வாயாலேயே கேட்க வேண்டும், மற்றதெல்லாம் எங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். அது நியாயம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பையன் எழுதியிருந்தார்: தனக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணிதான் தோது, அப்போது டிரங்க் கால் போடுகிறேன் என்று. எங்கள் வீட்டில் போன் கிடையாது. மாடியில் இருந்த வங்காளி அம்மாளின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் அவரை தீதி, அதாவது அக்கா, என்பேன்; அவர் என்னை தாதா, அண்ணா என்பார். குழந்தைகளுக்கு அவர் மாஷிமா, பெரியம்மா.

அங்கே ஞாயிறு இரவு ஒன்பது என்றால் இங்கே திங்கள் காலை ஏழரை. கணக்குப் போட்டதும் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். நேரத்தை மாற்றச் சொல்லி எழுத நாள் போதாது. பெருமாள் கிருபையில் லைன் எப்படியும் தாமதமாகத்தான் கிடைக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து, நாங்கள் மாடியில் போய் நின்ற கையோடு, சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது.

பெண் கையை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். நான் எடுத்தால் அது சுபப் பேச்சின் ஆரம்பம் ஆகாது என்று ஒரு சமாதானம். ஆபரேட்டர் அவள் பெயரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், வெளியே போயிருக்கிறாள், ஒன்பது மணிக்கு மேல் வருவாள் என்றேன். வைத்துவிட்டேன்.

"நான் இங்கதானேப்பா நிக்கறேன்" என்றாள் பெண். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

தீதி டீக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னேன். வங்காளியில் மெதுவாகக் கேட்டார்: "அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமைதானே, தாதா? அப்புறம் இந்த ராகு யாருக்கு?"

தினம் சந்தியாவந்தனம் தவறாதவன், அடுத்தவர் வீட்டில் நின்று, பெற்ற பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சமைக்கப் போகவேண்டிய தீதி எங்களுக்காக ஒன்றரை மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பதுக்கு மேல் மறுபடி வந்தது. அவள் பேசினாள். "கோயிலுக்குப் போயிருந்தேன்... ஆமா, கார்த்தாலயே... இல்ல, தினமும் இல்ல" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. லைன் சரியில்லை, சொன்னதையே கத்திக் கத்திச் சொன்னாள். மூன்று நிமிஷம் முடிந்து அறுந்துபோயிற்று.

"கேட்டியாம்மா?"

"எங்க போனேன்னு அவர் கேட்டதுக்கு பதில் சொல்றதுக்குள்ளயே முடிஞ்சுடுத்து."

என்னைக் காப்பாற்ற, அந்தப் பையனோடு பேசிய முதல் பேச்சிலேயே பொய் சொல்லியிருக்கிறாள்.

அன்று ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் காளிகாட் கோயில் வரை நடந்தேன். உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் பையனுக்கு எழுதினேன். என் பெண் எங்கேயும் போகவில்லை, பக்கத்தில்தான் நின்றாள், இல்லை என்று சொன்னது நான். அவளுக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தோதான நேரம் எதுவானாலும் சொல்லுங்கள். இந்த நாலு வரியை எழுத மூன்று காகிதம் கிழித்தேன்.

அவர் குறித்து அனுப்பிய நேரத்தை நான் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை. அன்று அவளோடு மாடிக்கும் போகவில்லை. பூஜைக்கு உட்கார்ந்தேன், வாய்தான் சொல்லிற்று, காது மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெண் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், "படிச்சு முடிக்கட்டும்னுட்டார்ம்மா" என்று அடுக்களையில் அவள் அம்மாவிடம் சொன்னாள்.