பேச்சு நிற்கக் கூடாத இறக்கம்

மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பஸ்சுக்காக நிற்கும் என்னைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

"ஏனுங்க அக்கா, சும்மாதான நிக்கறீங்க? எங்களுக்கு நோயாளியா வாங்க. ஒல்லியானவங்களையே தூக்கிப் பழகிட்டோம்," என்கிறார் அவர்களில் ஒருவரான மல்லிகா.

கொரோனாவின்போது ஆம்புலன்ஸ் இந்த ரோட்டோடு நின்றுவிட்டது. டவுன்காரர்கள் ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தார்கள். மேலே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் சிலர் ரோட்டுக்கே வந்து சேரவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில், நோயாளியை ரோடு வரை தூக்கி இறக்கும் இந்த ஒத்திகை.

மேட்டில் ஏறி முடிப்பதற்குள் நான் பாதி நோயாளி. மூங்கில் கழிகளில் கட்டிய படுதாவில் படுக்க வைத்துத் தூக்குகிறார்கள்.

"பேசிட்டே வரோணுங்க. பேச்சு நின்னாத்தான் எங்களுக்குப் பயம்."

என் மாமியார் சட்னி அரைக்கும் கதையை எடுத்துவிடுகிறேன். சிரிப்பில் படுதா குலுங்குகிறது.

ஒரு வளைவில் சிரிப்பு நிற்கிறது.

"இங்கதாங்க எங்க ஊட்டுக்காரரு பேச்சு நின்னுச்சு," என்கிறார் மல்லிகா.

எனக்கு வாயடைத்துப் போகிறது. உடனே தோளில் ஒரு தட்டு.

"பேசுங்க அக்கா!"

சட்னியை முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, அரைக்கத் தொடங்குகிறேன்.